பெரியப்பாவோட ஸ்டாண்டர்ட் 2000: எடுக்கலாமா, இரும்புக்குப் போடலாமா?

#1 பொத்தேரி பையன்

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இது முதல் பதிவு.

எங்க பெரியப்பா 1986ல வாங்கின ஸ்டாண்டர்ட் 2000 கார் ஒண்ணு காஞ்சிபுரத்துல வீட்டுக்குப் பின்னாடி ஷெட்ல நிக்குது. கடைசியா ஓடினது 2005ல, எங்க அக்கா கல்யாணத்துக்கு. போன வருஷம் பெரியப்பா தவறிட்டார். "எடுத்துக்கறதுன்னா எடுத்துக்கடா, இல்லன்னா பழைய இரும்புக்காரன் 38,000 தரேங்கறான், குடுத்துடறேன்"னு பெரியம்மா சொல்லிட்டாங்க.

நாலு டயரும் தரையோட படுத்துடுச்சு. பாடியில டிரைவர் பக்கம் கதவுக்குக் கீழ துரு, மத்தபடி ஷெட்டுக்குள்ளயே இருந்ததால மோசமில்ல. ஆர்சி 2006ல முடிஞ்சுபோச்சு. பக்கத்து வீட்டு மெக்கானிக் "பேட்டரி போட்டு அடிச்சுப் பாத்துடலாம் சார்"னு ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கார். ஆபீஸ்ல சொன்னா "அப்படி ஒரு காரே கிடையாது, கூகுள்ல வேற ஏதோ ரோவர் வருது"ங்கறாங்க.

கேள்வி ஒண்ணுதான். எடுக்கலாமா?

#2 கணக்குப்பிள்ளை

வேணாம்.

#3 பீளமேடு லேத்

ஏனுங்க தம்பி, முதல்ல அந்த மெக்கானிக்குக்கு போன் போட்டு ஞாயித்துக்கிழமை வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க. மத்ததெல்லாம் அப்புறம். இருபது வருஷம் நின்ன இன்ஜினை பேட்டரி போட்டு அடிக்கறதுங்கறது, இருபது வருஷம் படுக்கையில கெடந்தவரை எழுப்பி ஓடுன்னு சொல்ற மாதிரிங்க.

இந்த இன்ஜின் வேற சாதி. வெளியில இருக்கறது ரோவர் எஸ்டி1ங்கற இங்கிலாந்து காரோட பாடி, உள்ள இருக்கறது அந்தக்கால ஸ்டாண்டர்ட் வேன்கார்டு வம்சத்து 1991 சிசி இன்ஜின். வெட் லைனருங்க. சிலிண்டர் லைனர் தனியா பிளாக்குக்குள்ள உக்காந்திருக்கும், அதைச் சுத்தி நேரடியா தண்ணி நிக்கும். லைனரோட அடியில எட்டு மாதிரி வளைஞ்ச ஒரு கேஸ்கெட், அதுதான் தண்ணிக்கும் சம்புக்கும் (அடியில ஆயில் நிக்கற தொட்டிங்க) நடுவுல இருக்கற வேலி. வண்டி வருஷக்கணக்கா நின்னா அந்த வேலி அரிச்சிருக்கும். தண்ணி ஆயில்ல எறங்கும். அது தெரியாம செல்ஃப் அடிச்சீங்கன்னா பேரிங் காலி.

நீங்களே பண்ணுங்க: சம்பு டிரெயின் பிளக்கை அரைத் திருகு அரைத் திருகா மெதுவா கழட்டுங்க. முழுசா எடுத்துப்போடாதீங்க. ஆயிலை விட தண்ணி கனம்ங்க, அடியில போய் நிக்கும், அதனால முதல்ல அதுதான் வரும். ஒரு கண்ணாடி டம்ளரைப் புடிங்க. ஒரு ஸ்பூன் வந்தா அது ஈரக்காத்து குளிர்ந்து நின்ன தண்ணி, பயமில்லைங்க. அரை டம்ளர் வந்தா இன்ஜினை எறக்கித்தான் ஆகணும்.

பார்த்துட்டு எழுதுங்க. அதுக்கப்புறம் எடுக்கலாமா வேண்டாமான்னு பேசிக்கலாம்.

#4 கணக்குப்பிள்ளை

ஒரு வார்த்தையில முடிச்சா திமிர்னு நினைப்பீங்க, அதனால கணக்கு சொல்றேன். என்கிட்ட ஒரு பழைய கார் இருந்துச்சு, பேர் சொல்லல. வாங்கினது 60,000. டிங்கரிங் பெயின்டிங்கே ஒண்ணே முக்கால் லட்சம். டிங்கர் கடையில பதினோரு மாசம் நின்னுச்சு, அதுல ஒன்பது மாசம் என் வண்டி மேல மத்த வண்டி பம்பரை அடுக்கி வச்சிருந்தார். வித்தது 1,40,000. என் வீட்டம்மா இன்னும் அதை மறக்கல.

அபூர்வமான காருன்னா விலை ஏறும்னு நினைக்காதீங்க. விலை ஏற நாலு பேர் தேடணும். ஸ்டாண்டர்ட் 2000ஐ யார் தேடறா?

#5 948 சிசி

தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், கணக்குப்பிள்ளை அவர்களே. நான் ஒருவன் இங்கேயே இருக்கிறேன்.

தம்பிக்கு அந்தக் காரின் கதை தெரியுமா? இங்கிலாந்தில் ரோவர் எஸ்டி1 1976ல் வந்தது. 3,528 சிசி வி8 இன்ஜின், 155 குதிரைத்திறன். 1977ல் ஐரோப்பாவின் அந்த ஆண்டுக்கான சிறந்த கார் என்று பரிசும் வாங்கியது. அதே உடம்பை 1985ல் நம் வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்ட் 2000 என்று செய்தார்கள். நம் ரோட்டுக்காகத் தரையிலிருந்து தூக்கினார்கள். வி8 இருந்த இடத்தில், லேத்துக்காரர் சொன்ன அந்தப் பழைய நாலு சிலிண்டர், 83 குதிரைத்திறன், நாலு கியர். பீமன் உடம்பில் நகுலன் உயிர். பணக்காரர்கள் வாங்க வேண்டிய கார், பணக்காரர்கள் எதிர்பார்த்த ஓட்டம் அதில் இல்லை, பெட்ரோலோ குடித்தது. அதற்குள் மாருதி வந்துவிட்டது. 1988ல் கதை முடிந்தது. ஏறக்குறைய மூன்று வருடம்தான் ஆயுள்.

நான் வைத்திருப்பது 1966 ஹெரால்டு கார், அதே கம்பெனியின் பழைய பிள்ளை. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த வண்டி. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுக்க முதலை வாயைப் பிளந்த மாதிரி திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். ரிட்டயர்டு ஆன பிறகு என் காலை நேரம் பாதி அந்த டயர் மேல்தான் போகிறது.

ஒரு அனுபவம் சொல்கிறேன், உபயோகப்படும். ஹெரால்டின் முன் சக்கரத்துக்குக் கீழே ட்ரன்னியன் என்று ஒரு பித்தளைப் பாகம் உண்டு. ஸ்டியரிங் திருப்பும்போது மறைத்திருகு மாதிரி அதற்குள்தான் திரும்பும். அதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கிரீஸ் அடிக்கக் கூடாது. கிரீஸ் மறைக்குள் இறங்காமல் வாயிலேயே கட்டிக்கொள்ளும், உள்ளே காய்ந்து துருப்பிடிக்கும். ஒரு சர்வீஸ் கடையில் நல்லெண்ணத்தோடு கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிட்டார்கள். நானும் கவனிக்கவில்லை. ஒரு வருடம் கழித்து திருச்சி பாலக்கரையில் திரும்பும்போது இடது சக்கரம் ஒட்டகம் கால் மடக்குவது போல மடங்கிப் படுத்துவிட்டது. நல்லவேளை, மாட்டு வண்டி வேகம்.

இந்த மாதிரி கார் வைத்திருந்தால் மெக்கானிக்குக்கு நாம்தான் வாத்தியார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, அவர் பிறக்கும் முன்னாலேயே கம்பெனி மூடியாகிவிட்டது.

#6 ஃபைபர் டால்ஃபின்

பாலக்கரை ஒட்டகம், சிரிச்சு மாளல ஐயா.

என்கிட்ட பெங்களூர் சிபானி டால்ஃபின் இருக்கு. ஃபைபர் பாடி, 848 சிசி, இங்கிலாந்து ரிலையன்ட் கிட்டன்தான் மூலம். துரு பிடிக்காதுங்கறது ஒண்ணுதான் நிம்மதி. ஆனா ஒருத்தர் பைக்ல லேசா இடிச்சாரு, டிங்கர்கிட்ட போனா "இது தகரமில்லையே சார்"னு கையை விரிச்சுட்டார். கடைசில யார் ஒட்டினாங்க தெரியுமா? காசிமேட்டுல மீன்பிடிப் படகு பழுது பார்க்கறவர். ரெசினும் மேட்டும் வச்சு ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டார். "இது எந்த ஊரு படகு?"ன்னு கேட்டார்.

#7 பொத்தேரி பையன்

மெக்கானிக்கை வர வேணாம்னு சொல்லிட்டேன் லேத் அண்ணா. கொஞ்சம் கோச்சுக்கிட்டார்.

948 ஐயா, நன்றி. பெரியப்பா வண்டலூர் கேட்லயே டெலிவரி எடுத்ததா சொல்லுவார். நான் எட்டாவது படிக்கறப்போ அவர் காட்டின விஷயம் ஒண்ணு ஞாபகம் இருக்கு. டேஷ்போர்டு மேல மீட்டரெல்லாம் ஒரு தனி டப்பா மாதிரி உக்காந்திருக்கும். எதிர்ப்பக்கம், பாசஞ்சர் முகத்துக்கு நேரா ஒரு காத்து ஓட்டை. "இது ஓட்டை இல்லடா, வெளிநாட்டுல இடது பக்கம் ஸ்டியரிங் வைக்கணும்னா இது வழியாத்தான் கம்பி வரும். டப்பாவைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சா போதும், ஒரே டேஷ்போர்டு ரெண்டு தேசத்துக்கும்"னு சொன்னார். அன்னிக்கு அவர் சும்மா விடறார்னுதான் நினைச்சேன்.

சனிக்கிழமை காஞ்சிபுரம் போறேன். டம்ளரோட.

#8 டீசல் ராஜ்யம்

இவ்வளவு எதுக்கு யோசனை? நல்ல டீசல் இன்ஜினைத் தூக்கி வச்சுட்டு ஓட்டுங்க. அந்தக் காலத்துலயே பாதிப் பேர் அதைத்தான் பண்ணாங்க. பவர் ஸ்டியரிங், ஏசி எல்லாம் போட்டுக்கலாம். பாடி மட்டும்தானே அழகு, இன்ஜின் என்ன பெரிய ரோவரா?

#9 பீளமேடு லேத்

நீங்க சொல்றதுல பாதி நெசம்ங்க. உடம்பு ரோவர், இன்ஜின் ரோவர் இல்ல. ஆனா அந்த இன்ஜினைக் கேவலமா பேசாதீங்க. டிரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் கார்ல இதே வம்சம்தான். ஃபெர்குசன் டிஈ20 டிராக்டர்லயும் இதே வம்சம். ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஏருக்கும் ஒரே இன்ஜின் வெச்சவன் மடையன் இல்லைங்க. அதனாலதான் லைனர், பிஸ்டன், வால்வு இன்னிக்கும் வெளிநாட்டுல புதுசா கெடைக்குது. கஸ்டம்ஸ்ல கொஞ்சம் அழணும், அவ்வளவுதான். பாடி பாகம்தான் கஷ்டம்.

இன்ஜினை மாத்தினா ஆர்சியில ஏத்தணும், முன்கூட்டியே அனுமதி வாங்கணும். பேப்பரில்லாம வெச்சுட்டு ஓட்டறவங்க எத்தனையோ பேரு, ஒரு ஆக்சிடென்ட்டுன்னா இன்சூரன்ஸ்காரன் அதைத்தான் முதல்ல புடிப்பான்.

#10 ஏ40 சுன்னாகம்

லேத் அண்ணை டிராக்டர் எண்டு சொன்ன உடனை நான் உள்ள வந்திட்டன்.

என்னட்டை அப்பாவின்ரை ஒஸ்ரின் ஏ40 சோமசெற் இருக்குது. யாழ்ப்பாணத்திலை உந்த வண்டியள்தான் வாடகைக் காராய் ஓடினது, இப்பவும் ரண்டொண்டு நிக்குது. தொண்ணூறுகளிலை பொருளாதாரத் தடை. பெற்றோல் ஒரு சின்னப் போத்தல் வாங்கிறதெண்டாலே கையிலை இருக்கிறதை வழிச்சுக் குடுக்கவேணும். கார் எல்லாம் மண்ணெண்ணெயிலைதான் ஓடினது. அப்பா ஒரு மருந்துப் போத்தலிலை பெற்றோல் வைச்சிருப்பார். காபரேற்றருக்குள்ளை கொஞ்சத்தை விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு, இஞ்சின் சூடாகினாப்பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவார். பிறகு நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டினால் திரும்பவும் போத்தல். அதாலை ஆசுபத்திரி வாசலிலை ஆக்களை இறக்கிப்போட்டு இஞ்சினை ஓடவிட்டபடி நிண்டு காவல் பாப்பார். ரோட்டு முழுக்க வெள்ளைப் புகை, குப்பி விளக்கு மணம்.

மண்ணெண்ணெய் முழுக்க எரியாது. பிஸ்டன் றிங்காலை வடிஞ்சு கீழை போய் ஒயிலோடை கலக்கும். டிப்ஸ்ரிக்கிலை பாத்தால் ஒயில் குறையாது, கூடும்! தெரியாதவன் சந்தோசப்படுவான். அப்பா கிழமைக்கு ஒருக்கா ஒயிலை இறக்கி மாத்துவார்.

உந்தப் பழைய இஞ்சினுகளின்ரை கொம்பிரஷன் குறைவு, அதாலைதான் உதெல்லாத்தையும் தாங்கினது. இப்பத்தைய காருக்கு மண்ணெண்ணெய் விட்டுப் பாருங்கோவன்.

#11 பீளமேடு லேத்

அண்ணா, இதைப் படிச்சுட்டு எங்க கடைப் பசங்களுக்கும் வாசிச்சுக் காட்டினேன். ஃபெர்குசன்லயே மண்ணெண்ணெய் மாதிரி எண்ணெயில ஓடற மாடல் கம்பெனியே போட்டு வித்தாங்க. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடானதும் மாத்தறதுதான் அதுலயும் முறை. உங்க அப்பா மருந்து பாட்டில்ல பண்ணினதை கம்பெனி பெட்ரோலுக்குத் தனி இடம் வெச்சு பண்ணுச்சு.

#12 கணக்குப்பிள்ளை

கதை நல்லாருக்கு. ஆர்சி கதைக்கு வருவோமா? யாராவது தம்பிக்கு அதைச் சொல்லுங்க, இல்ல நானே பயமுறுத்தறேன்.

#13 948 சிசி

நானே சொல்கிறேன்.

2021 ஜூலையில் வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி வந்தது. 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். மாநில எழுத்துக்குப் பக்கத்தில் விஏ என்று நம்பர் பிளேட்டில் வரும். ஆனால் தம்பியின் கார் 1986. ஐம்பது நிறைய 2036 வரை காத்திருக்க வேண்டும். அதனால் அந்தக் கதவு இப்போதைக்கு மூடியிருக்கிறது.

என் ஹெரால்டுக்கு அந்தத் தகுதி உண்டு. நான் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வின்டேஜ் பதிவு வாங்கினால் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல், ரிப்பேர் இவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். நான் அதில் காந்தி மார்க்கெட் போய் கீரைக்கட்டு வாங்குகிறவன். கீரை எந்தப் பிரிவில் வரும்?

தம்பிக்கு வழி சாதாரண ரெனியுவல்தான். 2022 ஏப்ரலில் 15 வருடம் தாண்டிய காருக்கு 600ஆக இருந்த கட்டணத்தை 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டியவற்றுக்கு 10,000. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. இதற்கு மேல் பசுமை வரி. தாமதக் கட்டணம் மாதத்துக்கு 500. எந்த மாதத்திலிருந்து எண்ணுவார்கள் என்பதைக் கவுன்ட்டரில் போய் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். கையில் நியூஸ்பேப்பரோடு போங்கள்.

அதற்கு முன்னால் பேர் மாற்றம். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், ஃபார்ம் 31. பெரியம்மா பேருக்கு மாற்றி, பிறகு 29, 30 போட்டு உங்கள் பேருக்கு. பழைய மூன்றெழுத்து நம்பர் என்றால் ஆர்டிஓவின் வாஹன் கம்ப்யூட்டரில் இருக்கவே இருக்காது. பேக்லாக் என்ட்ரி, அதாவது பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, போடச் சொல்லிக் கேளுங்கள். சேஸ் நம்பர் மேல் பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்து ஒரு பிரிண்ட் எடுத்து வையுங்கள், பெயின்ட் அடிக்கும் முன்பே. அடித்த பிறகு தேய்த்தால் ஒன்றும் தெரியாது.

#14 டீசல் ராஜ்யம்

இதுக்கு 38,000 வாங்கிட்டு ஒரு நல்ல பழைய ஆல்டோவே

#15 நெறியாளர்

#14 பாதியில் நிற்கிறது, நானும் நீட்டவில்லை. ஆல்டோ பற்றித் தனி இழை இருக்கிறது.

#16 ஃபைபர் டால்ஃபின்

எல்லாரும் இன்ஜினையும் பேப்பரையும் பேசறீங்க, பெட்ரோலை விட்டுட்டீங்க. இப்ப பங்க்ல ஊத்தறது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. நம்ம கார்ல இருக்கற ரப்பரெல்லாம் எத்தனாலைப் பார்க்காத ரப்பர். என் வண்டியில பெட்ரோல் பம்பு டயாஃப்ரம் ஊறி அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. ஹோஸ் உள்ளுக்குள்ள கருப்பா கரைஞ்சு கார்புரேட்டர் ஜெட்டை அடைச்சுடுச்சு. மொத்த ஹோஸையும் எத்தனாலைத் தாங்கற வைட்டான் ரப்பருக்கு மாத்தினேன், இப்ப பரவால்ல.

இன்னொண்ணு, எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கற காரா இருந்தா டேங்க்கு உள்பக்கம் துருதான். தம்பி, உங்க டேங்க்கை எப்படியும் கழட்டுங்க. இருபது வருஷத்துப் பெட்ரோல் உள்ள வார்னிஷா ஆகியிருக்கும். மூடியைத் திறந்து மோந்து பார்த்தீங்கன்னா தெரியும், சாகற வரைக்கும் மறக்காது.

#17 பொத்தேரி பையன்

சனிக்கிழமை போயிட்டு வந்தேன். நீளமா எழுதறேன், மன்னிக்கணும்.

டயர்ல காத்து நிக்கல. பக்கத்து வெல்டிங் கடையில நாலு ஜாக் வாடகைக்கு எடுத்து வண்டியைத் தூக்கி, மரக்கட்டை முட்டுக் குடுத்துட்டுத்தான் கீழ போனேன். டிரெயின் பிளக்கைச் சுத்தி கருப்பா மண் கெட்டி பிடிச்சிருந்துச்சு. பெரியம்மாவோட காபி டம்ளர், எவர்சில்வர் வேணாம்னு கண்ணாடிதான் வாங்கிட்டு வந்தேன். அரைத் திருகு. ஒண்ணும் வரல. இன்னொரு அரைத் திருகு. மண் உதிர்ந்துச்சு. மூணாவதுல ஓரத்துல ஒரு சொட்டு நின்னுச்சு, விழவே இல்ல. நான் மூச்சையே விடல. அப்புறம் விழுந்துச்சு. பழுப்புத் தண்ணி. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினேன். பதினாலு சொட்டு. அதுக்கப்புறம் கருப்பு ஆயில் நூல் மாதிரி இறங்குச்சு.

டம்ளரைச் சாய்ச்சுப் பார்த்தா தண்ணி ஒரு ஸ்பூன்கூட முழுசா இல்ல.

லேத் அண்ணா, இது பாஸா?

ரேடியேட்டர் மூடி திறந்தேன், கீழ பாதி வரைக்கும் தண்ணி இருக்கு. அதாவது ஆயிலுக்குள்ள இறங்கல. டேங்க் மூடியைத் திறந்து மோந்தும் பார்த்தேன், டால்ஃபின் சார். பொய் சொல்லல நீங்க.

இன்னொரு விஷயம். பின்கதவைத் தூக்கினா உள்ள டிக்கி முழுக்க கொலு பொம்மை. பின் சீட்டை மடக்கி ரெண்டு டிரங்குப் பெட்டி, தசாவதாரம் செட்டு தனியா வைக்கோல் சுத்தி, ஒரு கல்யாண ஊர்வலம். "வீட்டுல பரண் எல்லாம் எலி. இதுல மட்டும் ரப்பர் நல்லா மூடும், எலி வராது. உங்க பெரியப்பாதான் 2006லேர்ந்து இதுல வைக்கச் சொன்னார்"னு பெரியம்மா சொன்னாங்க. ஓடாம நின்ன காரை அவர் ஏன் விக்காமயே வச்சிருந்தார்னு பெரியம்மாவும் கேட்டதில்ல, நாங்களும் கேட்டதில்ல.

#18 பீளமேடு லேத்

பாஸுங்க. நல்லா பாஸு. தண்ணி இருக்கற எடத்துல இருக்கு, ஆயில் இருக்கற எடத்துல இருக்கு. இனி அவசரப்படாதீங்க. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டையிலயும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு வாரம் ஊற விடுங்க. அப்புறம் கிராங்க் புல்லி போல்ட்ல ஸ்பேனர் போட்டு கையால சுத்திப் பாருங்க. சுத்தலைன்னா முறுக்காதீங்க, இன்னும் ஊற விடுங்க.

இன்னொண்ணு, யாராவது ஹெட்டை (இன்ஜினோட மேல் மூடி) கழட்டிப் பார்க்கலாம்னு சொன்னா கழட்டலாம், ஆனா ஹெட் இல்லாதப்போ இன்ஜினைச் சுத்தக் கூடாதுங்க. லைனரை மேலேர்ந்து அமுக்கிப் புடிச்சிருக்கறது ஹெட்தான். பிளாக்கை விட மூணுலேர்ந்து அஞ்சு தௌ (ஒரு தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்குங்க) மேல நிக்கற மாதிரி வெச்சிருப்பாங்க, ஹெட் உக்காந்தா அந்த அளவுல இறுகும். ஹெட்டை எடுத்துட்டு சுத்தினா பிஸ்டனோட லைனரும் எந்திரிச்சுக்கும். அப்புறம் நீங்க எண்ணின பதினாலு சொட்டு அரை டம்ளர் ஆயிரும்.

#19 கணக்குப்பிள்ளை

நான் இன்னும் வேணாம்னுதான் சொல்றேன். ஆனா அந்த இரும்புக்காரனுக்கு மட்டும் குடுக்காதீங்க. டிக்கி ரப்பர் இன்னும் எலிக்கு வழி விடலைன்னா, அந்த பீடிங்குக்கே வெளிய யாராவது காசு குடுப்பாங்க.

#20 ஏ40 சுன்னாகம்

பொம்மையளை வைச்சு எலியிட்டை இருந்து காப்பாத்தின கார். உதை விக்கிறதோ தம்பி?

#21 பொத்தேரி பையன்

எடுக்கறேன். முடிவு பண்ணியாச்சு. ஆனா பெரியம்மா ஒரு கண்டிஷன் போட்டுட்டாங்க. இந்த நவராத்திரிக்கு பொம்மையை எடுத்து கொலு வச்சு, திரும்ப வைக்க ஒரு மரப்பெட்டி அடிச்சுக் குடுத்தப்புறம்தான் சாவி. எலி நுழையாத பெட்டியா இருக்கணுமாம். தச்சர்கிட்ட அளவு குடுத்தாச்சு.

அதுவரைக்கும் பேப்பர் வேலை. வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். பென்சில் பிரிண்ட் எடுத்துட்டேன் ஐயா, நாலு காப்பி.

ஒரு உதவி: பின்னாடி வலது பக்க லைட் கண்ணாடி உடைஞ்சிருக்கு. புதுப்பேட்டை முழுக்க ஒரு நாள் அலைஞ்சேன். "இந்த வண்டியை நான் நேர்லயே பார்த்ததில்லயே"ன்னு ஒருத்தர் டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டார். யார்கிட்டயாவது இருக்கா?

#22 948 சிசி

எனக்குத் தெரிந்த ஒருவரிடம் எஸ்டி1 பின் விளக்கு ஒன்று இருக்கிறது. எந்தப் பக்கம் என்று கேட்டுச் சொல்கிறேன்.

#23 948 சிசி

இடது பக்கமாம்.

#24 பொத்தேரி பையன்

இருந்தாலும் வேணும் ஐயா. எடுத்து வைக்கச் சொல்லுங்க.